முடியைவிட மெல்லிய படலம்: காருக்கு செராமிக் கோட்டிங் என்ன செய்யும், என்ன செய்யாது?

புதுக் கார் எடுக்கப் போகிறவரை ஷோரூமில் உட்காரவைத்து ஆன்-ரோடு விலை, இன்சூரன்ஸ், மேட், சீட் கவர் எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியாக ஒரு செல்போன் வீடியோ காட்டுவார்கள். பானட்டின் ஒரு பாதியில் கோட்டிங், மறுபாதி வெறும் பெயின்ட். மேலே தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஒரு பக்கம் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, மறுபக்கம் பரவி அப்படியே நிற்கிறது. அப்புறம் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்து, கோட்டிங் போட்ட இடத்தில் சில நொடிகள் பிடிக்கிறார்கள். துடைத்தால் தடயமே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா மகனைத் திரும்பிப் பார்க்கிறார், மகன் தலையாட்டுகிறான். பில்லில் இன்னும் ஒரு வரி ஏறிவிடுகிறது.

தண்ணீர் விஷயம் உண்மைதான், அதற்கு அப்புறம் வருகிறேன். லைட்டர் விஷயம்தான் வேடிக்கை. தொழிற்சாலையில் காரின் மேல் பூச்சை 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூட்டு அறையில் அரை மணி நேரம் வரை வைத்துத்தான் இறுக வைக்கிறார்கள். அடியில் இருப்பது இரும்புத் தகடு, சூட்டை உடனே இழுத்துப் பரப்பிவிடும். நாலைந்து நொடி லைட்டர் சுடருக்கு வெறும் பெயின்டே தாக்குப்பிடிக்கும். ஆனால் கோட்டிங் போடாத பாதியில் யாரும் லைட்டரைப் பிடித்துக் காட்டுவதில்லை.

செராமிக் கோட்டிங் ஏமாற்று வேலை இல்லை. நல்ல பொருள், நன்றாகப் போட்டால் உபயோகமானது. விற்கும்போது சொல்லப்படுவது ஒன்று, அது செய்வது வேறொன்று, அதுதான் பிரச்சினை. செலவு செய்தவர்களில் பலர் ஆறு மாதம் கழித்து ஏமாந்துபோனதாக உணர்வது இந்த இடைவெளியால்தான்.

முதலில் அந்தப் பெயரை எடுத்துக்கொள்வோம். செராமிக் என்றதும் நமக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். களிமண்ணைச் சூளையில் வேகவைத்து எடுக்கிற சமாசாரம். கார் மேல் போடுவது அப்படிப்பட்டதல்ல. அது ஒரு திரவம். 30 அல்லது 50 மில்லி கொண்ட சின்னக் கண்ணாடிப் புட்டியில் வரும், சாதாரண அளவு கார் ஒன்றுக்கு அதுவே போதும். அதற்குள் சிலிக்கானை அடிப்படையாகக் கொண்ட பிசின்கள், பாலிசிலசேன் அல்லது சிலாக்சேன் வகையைச் சேர்ந்தவை, ஆவியாகும் கரைப்பானில் கலந்திருக்கும். பெயின்டின் மேல் தடவியதும் கரைப்பான் பறந்துவிடுகிறது. மீதி இருப்பது காற்றிலுள்ள ஈரப்பதத்தோடு வினைபுரிந்து, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலையாக இறுகுகிறது. பாலிசிலசேன் வகை இறுகும்போது லேசாக அமோனியா வாடை வரும், மூடிய ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு இதிலும் இருப்பதால் ஜப்பானில் இதைக் கண்ணாடிக் கோட்டிங் என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். அந்தப் பெயர்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கம். ஆனாலும் இது முழுக் கண்ணாடியும் அல்ல. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே எங்கேயோ நிற்கிற ஒரு பொருள்.

இனி அளவு. ஒரு காரின் கதவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடியில் தகடு, அதன் மேல் துருப்பிடிக்காமலிருக்க மின்சாரத்தின் உதவியோடு படியவைத்த முதல் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, நாம் பளபளப்பு என்று பார்த்துப் பெருமைப்படுவதெல்லாம் ஒன்றரை, இரண்டு முடிகளின் தடிமனுக்குள் நடக்கிற விஷயம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். இந்தக் கணக்கில் செராமிக் கோட்டிங்கின் இடம் எங்கே? ஒரு படலத்துக்கு அரை மைக்ரானில் தொடங்கி ஒன்று, மிஞ்சினால் இரண்டு மைக்ரான். மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு என்று விற்றாலும் முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே பெரிய விஷயம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, முன்னால் போகிற லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கிற ஜல்லியைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு மைக்ரான் என்ன செய்யும்? கல் தெறிப்பு, சாவிக் கீறல், பார்க்கிங்கில் பக்கத்து ஸ்கூட்டரின் ஹேண்டில் உரசல், இவற்றில் எதையும் அது தடுக்காது. அதற்கென்று இருப்பது பிபிஎஃப் எனப்படும் பாலியூரித்தேன் ஃபிலிம். அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன் கொண்டது, காரின் மொத்தப் பெயின்டைவிடத் தடியானது, அதற்கேற்ப விலையும் பல மடங்கு.

அப்படியானால் அந்த 9எச் என்பது? விளம்பரங்களில் இந்த எண் இல்லாத புட்டியைப் பார்ப்பது அரிது. கேட்கிறவர் பலருக்கு வைரத்துக்கு 10, இதற்கு 9 என்றுதான் தோன்றும். வைரத்துக்கு 10 என்பது 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கனிமக் கடினத்தன்மை அளவுகோல். இந்த 9எச் அதைச் சேர்ந்ததே அல்ல, பென்சிலைச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எச்பி, 2பி, 2எச் என்று வாங்கினோமே, அதே பென்சில். ஐஎஸ்ஓ 15184 என்ற சோதனை முறையில், பூச்சின் மேல் பென்சில் முனையைக் குறிப்பிட்ட எடையோடும் சாய்வோடும் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் கீறுகிறது, எது கீறவில்லை என்பதுதான் கணக்கு. அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில் 9எச். அதுவும் கீறவில்லை என்றால் பூச்சுக்கு 9எச் பட்டம். பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. நம் ஊர் சாலைப் புழுதியில் தாராளமாக இருக்கிற குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவுகோலில் 7. பென்சில் எங்கே, மணல் எங்கே! 9எச் கோட்டிங் போட்ட காரைப் புழுதியோடு துணியால் தேய்த்தால் கீறல் விழத்தான் செய்யும்.

வார்த்தையை வைத்து விற்பது இந்தத் தொழிலுக்குப் புதிதில்லை. செராமிக்குக்கு முன்னால் இதே ஷோரூம்களில் இதே நாற்காலியில் வைத்து டெஃப்லான் கோட்டிங் விற்றார்கள். தோசைக்கல்லில் ஒட்டாதது காரிலும் ஒட்டாது என்பது நினைவில் நிற்கிற வாதம்தான். ஆனால் டெஃப்லான் 327 டிகிரியில்தான் உருகும். தோசைக்கல்லில் அதை அதற்கும் மேலான சூட்டில் உருக்கித்தான் பிடிக்கவைக்கிறார்கள். அந்தச் சூட்டைக் காரின் கதவுக்குக் கொடுத்தால் பெயின்ட் கருகிவிடும். அறைச் சூட்டில் துணியால் தேய்த்த டெஃப்லான் கோட்டிங்கில் உண்மையில் வேலை செய்தது அதோடு கலந்திருந்த மெழுகும் பாலிமரும்தான். இப்போது கிராஃபீன் (கார்பனின் ஒரு வடிவம்) என்ற சொல் வந்திருக்கிறது. புட்டிக்குள் பெரும்பகுதி அதே சிலிக்கான் பிசின்தான், பெயர் மட்டும் புதுசு என்று நினைத்துக்கொண்டு விலை பேசினால் தப்பில்லை.

மெழுகோடு ஒப்பிட்டால் செராமிக்கின் பலம் நன்றாகத் தெரியும். பிரேசிலின் கார்னோபா பனை ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகுதான் கார் மெழுகுகளில் உயர்வாகப் பேசப்படுவது. அதன் உருகுநிலையே 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான். சித்திரை வெயிலில் நிற்கிற கறுப்புக் காரின் பானட் தொட முடியாத சூட்டுக்குப் போகும். அங்கே மெழுகு சில வாரங்கள் தாங்கினால் அதிர்ஷ்டம். ஷாம்பு கொஞ்சம் காரமாக இருந்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். செராமிக் அப்படிப் போகாது. கிளியர் கோட்டோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது, சோப்பு கரைக்காது, பெட்ரோல் சிந்தினால் கரையாது. அதை முழுமையாக எடுக்க வேண்டுமென்றால் மெஷின் பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தடிமனால் வருகிற பாதுகாப்பு அல்ல, இந்தப் பிடிவாதத்தால் வருகிற பாதுகாப்பு.

தாமரை இலையும் போர் தண்ணீரும்

தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்தால் நமக்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை, தாமரை இலைத் தண்ணீர் இருக்கவே இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள், அவற்றின் மேல் மெழுகு. தண்ணீர்த் துளி அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்திருப்பதால் இலையோடு அதற்கு உறவே கிடையாது. துளி மேற்பரப்பைத் தொடுகிற கோணம் 150 டிகிரியையும் தாண்டும். செராமிக் கோட்டிங் வழவழப்பானது. வழவழப்பாக இருந்தால்தான் பளபளக்கும். வழவழப்பான பரப்பில் எவ்வளவுதான் முயன்றாலும் 110, மிஞ்சினால் 120 டிகிரி பக்கம்தான் போக முடியும். அதாவது துளி உருளும், ஆனால் முழுதாக விட்டுப் போகாது. வண்டி ஓடும்போது காற்று தள்ளிவிடும். நிற்கிற வண்டியில் பானட், கூரை, டிக்கி மேல் துளிகள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் வருகிறது. சென்னையில் எத்தனையோ வீடுகளில் கார் கழுவுவது போர் தண்ணீரில். கால்சியமும் மக்னீசியமும் கரைந்த உப்புத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்கிறது. பல இடங்களில் போர் தண்ணீர் முதல் எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இந்தத் தண்ணீர் பரவிக் காய்ந்தால் மெல்லிய வெள்ளைப் படலமாக இருக்கும், துடைத்தால் போய்விடும். கோட்டிங் போட்ட காரில் அது துளித் துளியாக நிற்கிறது. காயும்போது ஒவ்வொரு துளியும் தன் உப்பையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளி ஒரு வளையமாக விட்டுவிட்டுப் போகிறது. வெயிலில் அது பூச்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கோட்டிங் போட்டால் தண்ணீர்க் கறை வராது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. உப்புத் தண்ணீரும் வெயிலும் சேர்ந்த ஊரில் நடப்பது நேர் எதிர்: கறை பளிச்சென்று தெரியும்.

அதனால் காய விடக் கூடாது, அவ்வளவுதான். நிழலில் கழுவி, உடனே நல்ல மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். புதிதாக விழுந்த வளையத்தைத் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் ஒற்றிக் கரைத்துவிட்டு அலசிவிடலாம். பழையதாகிவிட்டால் பாலிஷ்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைச் சேர்த்துவைத்துக் கார் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்ஓ வடிகட்டித் தள்ளிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரே தேவலை. மாறாக, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டு மூன்று நாள் வாளியில் பிடித்துவைத்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

காலையில் துடைக்கிற அண்ணன்

கறுப்பு அல்லது அடர்நீலக் காரை உச்சி வெயிலில் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் வட்டமாகத் தெரியும். டீடெய்லிங் கடைக்காரர்கள் ஸ்வர்ல் என்பார்கள். இவை எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் கல்லாலோ மரக்கிளையாலோ அல்ல, துணியால்தான். அபார்ட்மென்ட்களில் காலை ஐந்து மணிக்கு ஒருவர் வருவார். ஒரு வாளி, ஒரு துணி, இருபது கார். மூன்றாவது காருக்கே அந்தத் தண்ணீர் சேறாகிவிடும். துணியில் ஒட்டிய மணல் அடுத்த காரின் மேல் மெல்லிய உப்புத்தாள்போல வேலை செய்யும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மாதத்துக்கு ஒரு காருக்கு நாம் கொடுக்கிற பணத்துக்கு அவ்வளவு நேரம்தான் அவரால் ஒதுக்க முடியும். என் கார் இரண்டு வருடம் அப்படித்தான் துடைக்கப்பட்டது. கோட்டிங் போட்ட பிறகு, "அண்ணே, வெளியே துடைக்காதீங்க, கண்ணாடி மட்டும் போதும்" என்று சொன்னேன். "காசு குறைச்சுடுவீங்களா சார்?" என்றார். குறைக்கவில்லை. அந்தக் காசுக்கு உள்ளே மேட்டைத் தட்டிக் கொடுக்கிறார். புழுதியோடு நிற்கிற கார் பார்க்க நன்றாக இல்லைதான், ஆனால் புழுதி தானாகக் கீறுவதில்லை. காய்ந்த துணியோ டஸ்டரோ அதன் மேல் ஓடும்போதுதான் கீறுகிறது.

கோட்டிங்கின் உண்மையான உபயோகம் இந்த இடத்தில்தான். அழுக்கு அதில் இறுக ஒட்டுவதில்லை. பிரஷர் தண்ணீர் அடித்தாலே பாதிக்கு மேல் போய்விடும். மீதியை எடுக்க அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. தேய்ப்பது குறைந்தால் கீறல் குறையும். கோட்டிங் கீறலைத் தடுப்பது கடினத்தன்மையால் அல்ல, கையின் வேலையைக் குறைப்பதால்.

காக்கா எச்சம் இன்னொரு விஷயம். அதன் வெள்ளைப் பகுதியில் யூரிக் அமிலம், கூடவே மண்ணும் விதைத் துணுக்கும். வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது, மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது. சாயங்காலம் பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் உருவத்துக்கு ஏற்றபடி அச்சாகப் பதிந்துவிடுகிறது. துடைத்த பிறகும் மங்கலாகத் தெரிகிற தழும்பு அதுதான். கோட்டிங் இதை முற்றாகத் தடுக்காது, அவகாசம் வாங்கிக் கொடுக்கும். வெறும் பெயின்டில் ஒரு மதிய வெயிலில் நடப்பது, கோட்டிங் மேல் இன்னும் கொஞ்சம் தாமதமாக நடக்கும். ஈர டிஷ்யூவை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் வழித்து எடுக்க வேண்டும். மாமரத்தடியில் பூக்காலத்தில் நிறுத்தினால் தத்துப்பூச்சிகள் பொழிகிற பிசுக்குக்கும் இதே வைத்தியம்தான்.

பணம் எங்கே போகிறது

புட்டியின் விலையையும் கடையில் கேட்கும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் கோபப்படுவார்கள். ஒரு கைப்பிடி அளவு புட்டி, பூசுவதற்கு இரண்டு மணி நேரம், அதற்கு இவ்வளவா? ஆனால் நியாயமாக வேலை செய்கிற இடத்தில் காசு போவது பூசுவதற்கு முன்னால் நடக்கிற வேலைக்கு. கோட்டிங் ஒளி ஊடுருவும் படலம். அடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பூட்டிவைத்துவிடும். கீறலோடு பூசினால் கீறலும் வருடக்கணக்கில் பத்திரமாக இருக்கும்.

அதனால் முதலில் கழுவல். பிறகு இரும்புத் துகள் எடுக்கிற திரவத்தை அடிப்பார்கள், காரின் மேல் ஊதா நிறத்தில் கண்ணீர் வழிகிறாற்போல இருக்கும். அதற்குப் பிறகு கிளே எனப்படும் பிசைந்த மாவு மாதிரியான கட்டியை ஈரத்தோடு வருடி, பெயின்டில் குத்தி நிற்கிற தார், தூசு, பெயின்ட் துளிகளைப் பிடுங்குவார்கள். கை வைத்துத் தடவினால் வித்தியாசம் தெரியும்: முன்பு சொரசொரப்பு, பின்பு கண்ணாடி. அடுத்தது தடிமன் அளக்கிற கருவி. இதை வைத்து ஒவ்வொரு பகுதியாக அளக்காத கடையில் பாலிஷுக்கு வண்டியை விடாமலிருப்பது நல்லது. ஒரு கதவில் மட்டும் 250, 300 மைக்ரான் காட்டினால் அது ஏற்கெனவே டிங்கரிங் பார்த்து மறுபெயின்ட் அடித்தது என்று அர்த்தம். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கருவி கோட்டிங்கைவிடப் பெரிய உபகாரம்.

அப்புறம் மெஷின் பாலிஷ். ஸ்வர்ல் போவது என்றால் கீறல் நிரம்புகிறது என்று அர்த்தமில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறார்கள். லேசான பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரானை எடுக்கும், முரட்டு வெட்டு அதைவிட அதிகம். 40 மைக்ரான் கையிருப்பில் எத்தனை முறை எடுக்கலாம்? அதோடு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற வேதிப்பொருள்கள் அந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கின்றன. வருடா வருடம் பாலிஷ் போட்டுக் காரைப் புதுசாக வைத்திருக்கிறேன் என்கிறவர் உண்மையில் காரின் தோலைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். ஒருமுறை சரியாகப் பாலிஷ் போட்டு, மேலே கோட்டிங் போட்டு, பிறகு ஒழுங்காகக் கழுவி, அடுத்த பாலிஷைத் தள்ளிப்போடுவதுதான் இந்தச் செலவின் நியாயம். ஒரு மணி நேரத்தில் முடிகிற கோட்டிங்குக்கும் இரண்டு நாள் வண்டியைக் கேட்கிற கோட்டிங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். புதுக் காருக்கும் கொஞ்சமாவது பாலிஷ் தேவைப்படும். தொழிற்சாலையிலிருந்து யார்டு, யார்டிலிருந்து ஷோரூம் என்று வருவதற்குள் பல கைகள் துடைத்த வண்டி அது.

பாலிஷ் எண்ணெயை ஐசோபுரோபைல் ஆல்கஹால் போன்ற திரவத்தால் சுத்தமாக எடுத்துவிட்டு, அதன் பிறகே புட்டி திறக்கப்படும். ஸ்வேட் துணி சுற்றிய சின்னக் கட்டையில் சில சொட்டுகள். இரண்டடிக்கு இரண்டடி இடம். குறுக்கும் நெடுக்குமாகத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் விழுந்த தண்ணீரில் தெரிவதுபோல வானவில் நிறம் ஓடும். அப்போது மிச்சத்தைத் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். சீக்கிரம் துடைத்தால் எல்லாம் வந்துவிடும், தாமதித்தால் இறுகிவிடும். அந்தச் சில நொடிகளைக் கண்டுபிடிப்பதுதான் கைத்திறன். புத்தகக் கணக்குப்படி 20 டிகிரி வாக்கில், ஈரப்பதம் அதிகமில்லாத அறை வேண்டும். கடலோர ஊரில் எங்கே போவது? சூட்டில் கரைப்பான் வேகமாகப் பறக்கும், ஈரக் காற்றில் பிசின் வேகமாக இறுகும், இரண்டும் ஒன்றாக நடப்பதுதான் நம் கோடை. ஏசி அறை இல்லாத கடைகளில் அனுபவஸ்தர்கள் ஓரடி ஓரடியாகத்தான் நகர்வார்கள்.

ஒருமுறை ஒரு புட்டி வாங்கி வீட்டிலேயே முயன்று பார்த்தேன். மே மாதம், வெறும் ஷெட். பின்கதவில் ஓர் இடத்தைத் துடைக்க மறந்துவிட்டேன், ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். கறுத்த திட்டாக இறுகி நின்றது. பாலிஷ் மெஷின் வைத்திருக்கிற நண்பர் வந்து எடுக்கும்வரை போகவில்லை. துடைக்கிற துணிகளும் அப்படித்தான், மறுநாள் விறைத்து உப்புத்தாளாகிவிடும். துவைத்து மறுபடி உபயோகிக்காமல் தூக்கிப் போட வேண்டும். பூசிய பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. ஐப்பசி மழையில் கோட்டிங் போட வண்டியை விடுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

சக்கரத்தில் வேறு கதை

பெயின்டைவிடச் சக்கரத்தில்தான் கோட்டிங் தன் காசுக்கு அதிகம் உழைக்கிறது என்பது என் அபிப்பிராயம். பலர் அதற்கு மட்டும் தனிக் காசு கேட்கிறார்களே என்று விட்டுவிடுகிறார்கள்.

சக்கரத்தில் படிகிற கறுப்புத் தூள் சாலைப் புழுதி மட்டுமல்ல. பிரேக் பிடிக்கும்போது பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்ந்து வருகிற தூள். அதில் இரும்புத் துகள்கள் நிறைய, அதுவும் சூடாகத் தெறிக்கிறவை. அலாய் வீலின் பூச்சில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடித்து, செம்புள்ளிகளாகக் குத்தி நிற்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் பிரேக் வேலையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குத்தான். அதோடு நம் ஊரில் பல சின்னக் கார்களில் பின்னால் டிரம் பிரேக், தூள் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். முன்சக்கரம் கறுத்தும் பின்சக்கரம் சுத்தமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி வந்தவர், கீழே வந்து முன்சக்கரத்தை ஒருமுறை பார்த்தால் புரியும். (கியரைக் குறைத்து இறங்கினால் சக்கரமும் சுத்தம், உயிருக்கும் நல்லது.)

இந்தத் தூளை எடுக்க, சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் அமிலம் கலந்த திரவத்தை அடித்துத் தேய்ப்பார்கள். ஒரு நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் அலாய் வீல் அலுமினியம். பூச்சில் எங்காவது விரிசல் இருந்தால் காட்டமான அமிலமும் அதைத் தின்னும், காட்டமான காரமும் தின்னும். இதற்கென்றே இருக்கிற இரும்பு எடுக்கும் திரவம் பாதுகாப்பானது. அதில் இருப்பது தயோகிளைகோலேட் வகை உப்பு. முடி நீக்கும் கிரீமில் இருக்கும் அதே குடும்பம், அதே நாற்றம். இரும்போடு சேர்ந்ததும் ஊதாவாக மாறி, துகளைக் கரைத்து இறக்கிவிடும். சக்கரம் சூடாக இருக்கும்போது மட்டும் அடிக்கக் கூடாது, காய்ந்தால் அதுவே கறையாகிவிடும்.

கோட்டிங் போட்ட சக்கரத்தில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். தூள் பூச்சோடு ஒட்ட வழியில்லாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீரும் சாதாரண ஷாம்பும் போதும். ஆனால் சரியாகப் போட வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். தூள் அதிகம் சேர்வது வெளிமுகத்தில் அல்ல, உள்வளைவில். கழற்றாமல் முகத்தில் மட்டும் தடவிவிட்டு வீல் கோட்டிங் என்று பில் போட்டால், பாதி வேலைக்கு முழுக் காசு கொடுக்கிறீர்கள். சக்கரத்துக்கென்று அதிக சூடு தாங்குகிற தனி வகை உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம். பிரேக் டிஸ்க்கின் மேலோ, சக்கரம் ஹப்போடு பொருந்துகிற முகத்திலோ, நட்டு உட்காருகிற குழியிலோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. டிஸ்க்கில் பட்டால் பிரேக்குக்கு ஆபத்து. நட்டு உட்காரும் இடம் வழுக்கினால் முறுக்கு அளவே பொய்யாகிவிடும். திரும்ப மாட்டும்போது கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டைமண்ட் கட் அலாய் என்று இப்போது நடுத்தர விலைக் கார்களிலேயே வருகிறது. சக்கரத்துக்கு முழுதாகக் கறுப்போ சாம்பலோ பூசிவிட்டு, முகத்தை மட்டும் கடைசல் இயந்திரத்தில் சீவி அலுமினியம் பளிச்சென்று தெரியும்படி விட்டு, மேலே கிளியர் கோட் போடுகிறார்கள். சீவிய விளிம்புகளில் அந்தக் கிளியர் கோட் மெல்லியதாகத்தான் நிற்கும். பிளாட்ஃபார ஓரத்தில் ஒரு உரசல் போதும், அந்தத் திறப்பு வழியாக ஈரமும் உப்பும் புகுந்து, கிளியருக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிகிறாற்போலக் கோடுகள் ஓடும். தூத்துக்குடி, நாகை போன்ற கடலோரங்களில் இது சீக்கிரம் வரும். செராமிக் மேலே இருக்கிறது, அரிப்பு அடியில் நடக்கிறது. ஆகவே இந்தச் சக்கரத்துக்கு உரசாமல் பார்க்கிங் போடுவதற்கு மாற்று எதுவும் இல்லை. ஸ்டீல் ரிம்மும் வீல் கப்பும் உள்ள காருக்குச் சக்கரக் கோட்டிங்கே தேவையில்லை, கப் உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வாரண்டி, பிறகு வரும் சந்தேகம்

ஐந்து வருட வாரண்டி என்பதை நம்பிக் காசு கொடுப்பதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை அதே கடைக்கு வந்து, தனிக் காசு கொடுத்துப் பராமரிப்பு செய்ய வேண்டும், ஒன்று தவறினாலும் வாரண்டி இல்லை என்று இருக்கும். தண்ணீர்க் கறை, எச்சம், கீறல் எல்லாம் விலக்கு. மீதி இருப்பதற்கு வாரண்டி! டோர் இடிபட்டு இன்சூரன்ஸில் மறுபெயின்ட் அடித்தால் அந்தப் பகுதியின் கோட்டிங் அதோடு போச்சு. புதுப் பெயின்ட் நன்றாகக் காய்ந்து ஒரு மாதமாவது ஆன பிறகே அங்கே மறுபடி போட முடியும். நிதானமாகக் கணக்குப் போட்டால், நம் வெயிலிலும் தண்ணீரிலும் இரண்டு வருடம் நன்றாக வேலை செய்தாலே கொடுத்த காசுக்கு மோசமில்லை. திறந்தவெளியில் நிற்கிற, வாராவாரம் மற்றவர் கையால் கழுவப்படுகிற, இன்னும் மூன்று வருடத்தில் விற்கப்போகிற காருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே அடித்துத் துடைக்கிற ஸ்பிரே சீலன்ட் போதும்.

கோட்டிங் போட்டவர்கள் ஏழெட்டு மாதத்தில் வந்து சொல்கிற புகார் ஒன்று உண்டு: தண்ணீர் உருளவில்லை, எல்லாம் போய்விட்டது. பல நேரங்களில் போயிருக்காது. அதன் மேல் உப்புப் படலமும் புகையும் இரும்புத் தூளும் படிந்து அடைத்துக்கொண்டிருக்கும், தண்ணீர் அந்த அழுக்கின் மேல்தான் பரவி நிற்கிறது. நல்ல ஷாம்பு போட்டுக் கழுவி, இரும்பு எடுக்கும் திரவத்தை ஒருமுறை அடித்து, உப்புக்கென்று லேசான அமிலத்தன்மையுள்ள கார் ஷாம்புவால் இன்னொரு முறை அலசி, பிறகு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். உருண்டால் கோட்டிங் அங்கேயே இருக்கிறது. கதவில் உருண்டு கூரையில் பரவினால், வெயில் நேராக விழுகிற கூரையில் மட்டும் தேய்ந்துவிட்டது, அங்கே மட்டும் மறுபடி போட்டால் போதும்.